வீட்டில் ஓடுது, லேப்பில் ஓடலை!
மாணவர் புராஜெக்ட் கேள்வி – பதில்

கடைசி செமஸ்டர் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி புராஜெக்ட் பற்றித்தான். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியைத்தான் நான் வைத்திருக்கிறேன். 4 ஜிபி ராம். நிரல் எழுதும் வி.எஸ். கோடு எடிட்டரைத் திறந்தாலே திணறுகிறது. பைதானில் புராஜெக்ட் செய்ய வேண்டும். புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– பி.சி.ஏ. மாணவி, மேலூர்

வேண்டாம். பைதானில் ஒரு கல்லூரி புராஜெக்ட் எழுத 4 ஜிபி போதும். விண்டோஸும் குரோமும் சேர்ந்து அதைத் தின்றுவிடுவதுதான் சிக்கல். விண்டோஸ் 10 எழுந்து நிற்பதற்குள்ளேயே பாதி ராம் போய்விடும். அதற்கு மேல் குரோமில் பத்து டேப் திறந்து வைத்தால் வி.எஸ். கோடுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

முதலில் வி.எஸ். கோடில் எத்தனை எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று இருபது போட்டு வைத்திருப்பவர்கள் அதிகம். பைதானுக்கானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை டிசேபிள் செய்து பாருங்கள். அப்படியும் திணறினால் தானி என்ற எடிட்டருக்கு மாறுங்கள். எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காகவே உருவானது. பைதானும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால் தனியாக இன்ஸ்டால் செய்யும் தலைவலி கிடையாது. நிரல் ஒவ்வொரு வரியாக ஓடும்போது எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதைப் பக்கத்திலேயே காட்டும். சி, பி.எச்.பி. எழுத வேண்டி வந்தால் ஜீனி என்ற எடிட்டர் இருக்கிறது. அதுவும் இலவசம், இன்னும் இலகு.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் ராமுக்கு முன் டிஸ்க்கைக் கவனியுங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., 240 அல்லது 256 ஜிபியில் ஒன்று போட்டால் மடிக்கணினி எழுந்திருக்கும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். ராம் சேர்ப்பதாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் எத்தனை ஸ்லாட் காலி என்று பார்த்துக்கொள்ளுங்கள். டி.டி.ஆர். 3-ஆ, டி.டி.ஆர். 4-ஆ என்பதும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் உட்காராது.

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற கருவி கொண்டு ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து இயக்கிப் பாருங்கள். வைஃபை, சத்தம், டச்பேட் எல்லாம் வேலை செய்தால் மாறலாம். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

நாங்கள் நான்கு பேர் டீம். வாட்ஸ்ஆப்பில் ஜிப் ஃபைல் அனுப்பிக்கொள்கிறோம். ஃபைனல், ஃபைனல் 2, ஒரிஜினல் ஃபைனல் என்று ஏழு ஜிப் இருக்கிறது. போன வாரம் நான் எழுதிய லாகின் பக்கமே காணாமல் போய்விட்டது. கிட் பயன்படுத்து என்கிறார் எங்கள் கைடு. கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?
– பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர், திருப்பரங்குன்றம்

ஒரு சாயங்காலம் போதும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது கிட். உங்கள் ஃபோல்டரின் ஒவ்வொரு நிலையையும் தேதி, பெயரோடு பதிந்து வைக்கும் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப் என்பது அந்தப் பேரேட்டின் பிரதியை இணையத்தில் வைக்கும் இடம். இரண்டும் ஒன்றல்ல, இணையம் இல்லாமலும் கிட் வேலை செய்யும்.

நான்கு பேரில் ஒருவர் கிட்ஹப்பில் ஒரு பிரைவேட் ரெப்பாசிட்டரி (புராஜெக்டுக்கான பேரேடு) தொடங்கி மற்ற மூவரையும் கொலாபரேட்டராகச் சேர்க்கட்டும். இதற்குக் காசு கிடையாது. எல்லோரும் கிட் குளோன் கட்டளையால் அதன் பிரதியை உங்கள் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் தினசரி வேலை இவ்வளவுதான்: உட்கார்ந்ததும் கிட் புல், மற்றவர்கள் மாற்றியது உங்களுக்கு வரும். ஒரு வேலை முடிந்ததும் கிட் ஆட், கிட் கமிட், மாற்றம் பேரேட்டில் பதியும். எழுந்திருக்கும் முன் கிட் புஷ், அது கிட்ஹப்புக்குப் போகும். கமிட்டில் எழுதும் செய்தி "அப்டேட்" என்றிருந்தால் பயனில்லை. "பில் தொகையில் தள்ளுபடி சேர்த்தேன்" என்று எழுதினால்தான் இரண்டு வாரம் கழித்துத் தேட முடியும்.

எங்கே இடறுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் புஷ்ஷிலேயே கிட்ஹப் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்த்து, ஏற்கவில்லை என்று திகைப்பீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் இந்த வேலைக்குப் பாஸ்வேர்டு செல்லாது. உலாவி வழியே உள்நுழைய வேண்டும், அல்லது கிட்ஹப் செட்டிங்ஸில் பர்சனல் அக்சஸ் டோக்கன் ஒன்று எடுத்து, அதைப் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். லேப் கணினியில் புஷ் செய்தால் 403 என்று எர்ரர் வரலாம். உங்களுக்கு முன் அங்கே உட்கார்ந்தவரின் கணக்கு விண்டோஸில் சேமிக்கப்பட்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் கிட்ஹப் வரியை நீக்குங்கள். வேலை முடிந்ததும் உங்களுடையதையும் மறக்காமல் நீக்கிவிட்டு எழுந்திருங்கள்.

"மெயின் பொருந்தவில்லை" என்ற பொருளில் எர்ரர் வந்தால், ஒன்று நீங்கள் இன்னும் ஒரு கமிட்கூடச் செய்யவில்லை, அல்லது உங்கள் கணினியில் கிளையின் (பிராஞ்ச்) பெயர் மெயின் என்றில்லாமல் மாஸ்டர் என்றிருக்கிறது. நூறு எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைக் கிட்ஹப் வாங்கவே வாங்காது. ஃபைலை அழித்து மறுபடி கமிட் செய்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும். புஷ் மறுபடி நிற்கும். அதனால் டேட்டாசெட், வீடியோ, நோட் ஜே.எஸ். லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் ஆகியவற்றின் பெயரை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட் இக்னோர் ஃபைலில் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏ.பி.ஐ. கீ இருக்கும் ஃபைலும் அதில் சேரட்டும்.

இனி, எல்லோரும் பயப்படுகிற கான்ஃப்ளிக்ட். நீங்களும் நண்பரும் ஒரே வரியை மாற்றியிருக்கிறீர்கள். அவர் முதலில் புஷ் செய்துவிட்டார். நீங்கள் புல் செய்ததும் ஃபைலைத் திறந்து பார்த்தால் ஏழு "சிறிய" (<) குறிகள் கொண்ட ஒரு வரி, அதன் கீழே நீங்கள் எழுதியது, பிறகு ஏழு சமக்குறிகள், அதன் கீழே நண்பர் எழுதியது, கடைசியாக ஏழு "பெரிய" (>) குறிகள். கிட் உங்களைத் திட்டவில்லை. எது வேண்டும் என்று கேட்கிறது, அவ்வளவுதான். நண்பருக்கு ஃபோன் போடுங்கள். வேண்டிய வரியை வைத்து, வேண்டாததையும் அந்த மூன்று குறி வரிகளையும் அழித்துச் சேமியுங்கள். ஆட், கமிட், புஷ். பயந்துபோய் ஃபோர்ஸ் புஷ் மட்டும் செய்துவிடாதீர்கள். அதுதான் நண்பரின் வேலையை அழிக்கும்.

காணாமல் போன லாகின் பக்கத்துக்கு: ஏழு ஜிப்பில் ஏதாவது ஒன்றில் இருக்கும். அதிலிருந்து எடுத்து முதல் கமிட்டாகச் சேர்த்துவிடுங்கள்.

இணையதளம் வைக்கும் வசதியான கிட்ஹப் பேஜஸில் எங்கள் தறிப்பட்டறைக்கு ஒரு இணையப்பக்கம் போட்டேன். என் கணினியில் படங்கள் தெரிகின்றன, இணையத்தில் தெரியவில்லை.
– பி.எஸ்சி. மாணவர், செல்லூர்

ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாருங்கள். கேமரா ஃபைலின் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, இணைய சர்வருக்கு இரண்டும் வேறு. படத்தின் முகவரியைச் சாய்கோட்டில் தொடங்கியிருந்தாலும் கிடைக்காது, ஏனென்றால் உங்கள் தளம் ரெப்பாசிட்டரி பெயருக்குக் கீழேதான் இருக்கிறது. பி.எச்.பி. அங்கே ஓடாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் ஓடும் பைதான் புராஜெக்ட் லேப்பில் "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்கிறது. லேப்பில் இணையமும் கிடையாது. வைவாவுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.
– எம்.சி.ஏ. மாணவி, ஒத்தக்கடை

இந்தக் கேள்வி மாதா மாதம் வருகிறது. உங்கள் கணினியில் இன்ஸ்டால் செய்த லைப்ரரி (பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்பு) லேப் கணினியில் இல்லை. வீட்டில் எதையெல்லாம் எப்போது போட்டோம் என்பதும் உங்களுக்கே நினைவில்லை.

வீட்டில் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் பைதான் மைனஸ் எம் வென்வ் வென்வ் என்று அடியுங்கள். வென்வ் என்ற பெயரில் ஒரு தனி பைதான் அறை உருவாகும். அதை ஆக்டிவேட் செய்துவிட்டு புராஜெக்டை ஓட்டுங்கள். எந்த லைப்ரரி இல்லை என்று அழுகிறதோ அதைப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆக்டிவேட் செய்யும்போது பவர்ஷெல் "ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை" என்றால் சண்டை போடாமல் சாதாரண கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போய்விடுங்கள், அங்கே அந்தத் தடை இல்லை. எல்லாம் ஓடியதும், லைப்ரரி ஏற்றும் கருவியான பிப்பின் பிப் ஃப்ரீஸ் கட்டளை தரும் பட்டியலை ரிக்வயர்மென்ட்ஸ் என்ற டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள்.

லேப்பில் இணையம் இல்லாததற்கு வழி இருக்கிறது. பிப் டவுன்லோடு கட்டளைக்கு அந்தப் பட்டியலையும் ஒரு ஃபோல்டர் பெயரையும் கொடுத்தால் எல்லா லைப்ரரிகளையும் இறக்கி அதில் வைக்கும். அதைப் பென்டிரைவில் எடுத்துப் போய், லேப்பில் புதிதாக ஒரு வென்வ் உருவாக்கி, பிப் இன்ஸ்டாலுடன் நோ இண்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களைக் கொடுத்தால் பென்டிரைவிலிருந்தே ஏறிவிடும். வீட்டிலும் லேப்பிலும் ஒரே பைதான் பதிப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கே 3.12, அங்கே 3.8 என்றால் நம்பை, பாண்டாஸ் போன்ற லைப்ரரிகள் ஏறாது. இன்றே லேப்புக்குப் போய்ப் பதிப்பு எண்ணைக் குறித்து வாருங்கள். வென்வ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்வது வேலைக்காகாது. அதற்குள் உங்கள் வீட்டுக் கணினியின் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும்.

இன்னொரு இடமும் உண்டு. நிரலுக்குள் சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், டெஸ்க்டாப் என்று முழு முகவரி எழுதி ஃபைலைத் திறந்திருக்கிறீர்களா? லேப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. பாத்லிப் என்ற பைதான் லைப்ரரி மூலம், நிரல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து வழி சொல்லுங்கள்.

பி.எச்.பி.யையும் டேட்டாபேஸையும் நம் கணினியிலேயே ஓட்டும் ஜாம்ப் தொகுப்பில் மை எஸ்க்யூஎல் பொத்தானை அழுத்தினால் பச்சை வந்து உடனே மறைந்துவிடுகிறது. நேற்று வரை ஓடியது. டேட்டா எல்லாம் போய்விட்டதா?
– பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவர், திருமங்கலம்

பெரும்பாலும் போயிருக்காது. பதறி அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள், செய்தால்தான் போகும். ஜாம்ப் ஃபோல்டரில் மை எஸ்க்யூஎல், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்குக் காப்பி எடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். வகுப்புக்காகத் தனியாக இன்னொரு மை எஸ்க்யூஎல் போட்டிருந்தால் இரண்டும் 3306 என்ற ஒரே போர்ட்டுக்கு (இணைப்பு எண்ணுக்கு) அடித்துக்கொள்ளும். விண்டோஸ் சர்வீசஸில் மை எஸ்க்யூஎல் 80 என்ற வரியைத் தேடி நிறுத்தி, ஸ்டார்ட்அப் வகையை மேனுவல் ஆக்கினால் சரியாகும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், கரண்ட் போனபோதோ நேராக ஷட்டவுன் செய்தபோதோ உள்ளே ஏதோ ஃபைல் கெட்டிருக்கிறது. டேட்டா ஃபோல்டரின் பெயரை பழைய டேட்டா என்று மாற்றுங்கள். பக்கத்தில் பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைக் காப்பி எடுத்து டேட்டா என்று பெயரிடுங்கள். பிறகு பழையதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் பெயரில் உள்ள ஃபோல்டரையும், ஐபிடேட்டா 1 என்ற ஃபைலையும் புதியதற்குள் போடுங்கள். ஐபிடேட்டா 1-ஐ விட்டுவிட்டால் டேபிள் பெயர் தெரியும், திறந்தால் "டேபிள் இல்லை" என்னும். அதேபோல பழையதிலிருக்கும் மை எஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா ஃபோல்டர்களைக் கொண்டுவராதீர்கள். கெட்டுப்போனது பெரும்பாலும் அங்கேதான்.

ஓடியதும் முதல் வேலையாக பி.எச்.பி. மை அட்மினில் எக்ஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். லேப்புக்குக் கொண்டுபோக வேண்டியதும் அந்த ஃபைல்தான், நிரல்கள் இருக்கும் எச்டி டாக்ஸ் ஃபோல்டர் மட்டும் போதாது. வீட்டில் மை எஸ்க்யூஎல் 8, லேப்பில் ஜாம்ப் என்றால் இம்போர்ட்டில் "தெரியாத கொலேஷன்" (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதி) என்று நிற்கும். ஜாம்ப்புக்குள் இருப்பது உண்மையில் மை எஸ்க்யூஎல் அல்ல, அதிலிருந்து பிரிந்த மரியா டிபி. எக்ஸ்போர்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து, 0900 என்ற எண் உள்ள கொலேஷன் பெயரையெல்லாம் யு.டி.எஃப். 8 எம்பி 4 யூனிகோடு சிஐ என்று மாற்றினால் ஏறிவிடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று. பாஸ்வேர்டு ஹேஷ் (பாஸ்வேர்டை மறைத்து மாற்றிய வடிவம்) சேமிக்கும் நெடுவரிசையின் நீளம் 50 என்று வைத்திருந்தால் லாகின் எப்போதும் தோற்கும். பிக்ரிப்ட் முறையில் ஹேஷ் 60 எழுத்து, வால் வெட்டுப்பட்டுவிடும். 255 வையுங்கள்.

டர்போ சியில் எழுதிய பில் நிரல் 200 கிலோ, கிலோ 200 ரூபாய்க்கு மைனஸ் தொகை காட்டுகிறது.
– டிப்ளமோ மாணவர், வாடிப்பட்டி

மைனஸ் 25,536 காட்டியிருக்கும், சரியா? டர்போ சியில் முழு எண் வகையான இன்ட் 2 பைட். அதில் 32,767 வரைதான் கொள்ளும். உங்கள் 40,000 அதைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு, 65,536 கழிந்து நிற்கிறது. ஜிசிசி என்ற இன்றைய கம்பைலரில் இன்ட் 4 பைட் என்பதால் இதே நிரல் 40,000 என்றே காட்டும். டர்போ சி 1980-களின் இறுதியில் வந்த டாஸ் கருவி. ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், புராஜெக்ட் எழுதக் கோட் பிளாக்ஸ் என்ற எடிட்டரைப் போடுங்கள். இறக்கும்போது மின்ஜிடபிள்யூ என்ற பெயர் சேர்ந்த ஃபைலாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் இல்லாத வெறும் எடிட்டர்தான் வரும். கிளியர் ஸ்கிரீன் கட்டளை அங்கே இருக்காது, அழித்துவிடுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகளுக்கான கணக்குப் பதிவு செயலி செய்கிறோம். பூ பெயர், ஊர் பெயர் எல்லாம் தமிழில். டேட்டாபேஸில் கேள்விக்குறிகளாக விழுகிறது. எழுத்து எண்ணிக்கையும் தப்பாக வருகிறது. அகர வரிசையும் சரியில்லை. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே போட்டுவிடு என்கிறான் நண்பன்.
– பி.இ. இறுதியாண்டு மாணவி, உசிலம்பட்டி

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். பூ மார்க்கெட்டில் இதைப் பயன்படுத்தப் போகிறவருக்குத் தமிழ்தான் வேண்டும். மூன்றும் தீரக்கூடிய சிக்கல்கள்தான், மூன்றும் வேறு வேறு.

கேள்விக்குறி: டேபிள், இணைப்பு, பக்கம் மூன்றும் ஒரே குறியீட்டில் இருக்க வேண்டும். டேபிளை, தமிழும் கொள்ளும் யு.டி.எஃப். 8 எம்பி 4 என்ற யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றுங்கள். பி.எச்.பி.யில் இணைப்பு கொடுத்த அடுத்த வரியில் மை எஸ்க்யூஎல்ஐ செட் கேரக்டர்செட் கட்டளையில் அதே பெயரைக் கொடுங்கள். பெரும்பாலோர் விடுவது இந்த ஒரு வரியைத்தான். எச்.டி.எம்.எல். தலைப்பகுதியில் மெட்டா கேரக்டர்செட் இருக்கட்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாக விழுந்தது திரும்பாது, மறுபடி ஏற்ற வேண்டியதுதான். கேள்விக்குறி இல்லாமல், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்துகளாக வரிசையாகத் தெரிந்தால் டேட்டா பத்திரம். படிக்கும் முறைதான் தவறு. பழைய பட்டியலை பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் அது யூனிகோடே அல்ல. எழுத்துரு மாற்றி (கன்வர்ட்டர்) கொண்டு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

பைதானில் ஃபைல் திறக்கும்போது என்கோடிங் யு.டி.எஃப். 8 என்று எழுதத் தவறினால் விண்டோஸில் "சார்மேப்" எர்ரர் வரும். எக்ஸெலில் திறக்க சி.எஸ்.வி. ஃபைல் தருவதாக இருந்தால் யு.டி.எஃப். 8 சிக் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸெல் தமிழைக் குதறிவிடும்.

எழுத்து எண்ணிக்கை: மல்லிகை என்பதற்கு, நீளம் சொல்லும் லென் சார்பைக் கேட்டால் பைதான் 7 என்கிறது. நமக்கு ம, ல், லி, கை என நான்கு. யூனிகோடில் ம ஒன்று, ல ஒன்று, புள்ளி ஒன்று, ல ஒன்று, இகரக் குறி ஒன்று, க ஒன்று, ஐகாரக் குறி ஒன்று, ஆக ஏழு. கணினி தப்பாக எண்ணவில்லை, நாம் கேட்டதை எண்ணியிருக்கிறது. நமக்கு வேண்டிய எண்ணிக்கைக்கு ஓப்பன் தமிழ் என்ற பைதான் லைப்ரரியை இன்ஸ்டால் செய்து, அதன் யு.டி.எஃப். 8 பகுதியில் கெட் லெட்டர்ஸ் என்ற சார்பைப் பயன்படுத்துங்கள். நான்கு எழுத்துகளையும் பட்டியலாகத் தரும். பெயரை முதல் பத்து எழுத்தோடு வெட்டிக் காட்டுவதற்கும் இதுவே. நேரடியாக வெட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் விழும்.

அகர வரிசை: யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து, ழ என்பது வ-வுக்கு முன் இருக்கிறது. அதனால் குறியீட்டு எண்படி அடுக்கினால் ஆனையூர் முதலிலும் ஆரப்பாளையம் பின்னாலும் வரும்; அழகர்கோவில் அவனியாபுரத்துக்கு முந்திக்கொள்ளும். ஜெய்ஹிந்த்புரம் செல்லூருக்கும் தல்லாகுளத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். நம் நெடுங்கணக்கில் ற, ன கடைசி, கிரந்தம் அதற்கும் பின். க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன, பிறகு ஜ ஷ ஸ ஹ என்று ஒரு சரம் எழுதி, ஒவ்வொரு மெய்க்கும் அதில் எந்த இடம் என்ற எண்ணைக் கொடுத்து, சார்ட் (வரிசைப்படுத்தும்) கட்டளையின் கீ ஆக அந்த எண்களைத் தாருங்கள். இருபது வரிக்குள் முடியும். வைவாவில் இதைக் காட்டினால் கேள்வி கேட்க வந்தவரே உட்கார்ந்து பார்ப்பார்.

ரசீதை பி.டி.எஃப். ஆக்கும்போது கொம்பு இடம் மாறினால், நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். பைதானில் எஃப்.பி.டி.எஃப். 2 என்றால் டெக்ஸ்ட் ஷேப்பிங் ஆப்ஷனைப் போட்டுவிடுங்கள். பி.எச்.பி. என்றால் சுருக்கமான வழி, ரசீதை எச்.டி.எம்.எல். பக்கமாகக் காட்டி உலாவியின் பிரிண்ட் மூலம் பி.டி.எஃப். ஆகச் சேமிப்பது.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டர் (கணினியில் ஓடும் போலி ஃபோன்) போட்டால் 8 ஜிபி மடிக்கணினி உறைந்துவிடுகிறது. என் ஃபோனில் போட்டால் செயலி திறக்கிறது, ஆனால் சர்வரோடு பேசவில்லை.
– பி.டெக். மாணவர், ஊமச்சிகுளம்

எமுலேட்டரை மறந்துவிடுங்கள். ஸ்டூடியோவுக்கு மட்டும் 8 ஜிபி, எமுலேட்டரும் வேண்டுமானால் 16 என்பது கூகுளே சொல்லும் கணக்கு. ஃபோனில் பில்ட் நம்பரை 7 முறை தட்டி யுஎஸ்பி டீபக்கிங்கை நீங்கள் ஏற்கெனவே திறந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

சர்வர் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பீர்கள். ஃபோனுக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த ஃபோன்தான், உங்கள் மடிக்கணினி அல்ல. சர்வர் 8080 போர்ட்டில் ஓடுகிறது என்றால், கேபிள் மாட்டியபடியே மடிக்கணினியில் ஏ.டி.பி. (ஃபோனோடு பேசும் ஆண்ட்ராய்டு கருவி) ரிவர்ஸ் டிசிபி 8080, டிசிபி 8080 என்று அடித்தால் ஃபோனின் 8080 மடிக்கணினியின் 8080-க்குப் போய்ச் சேரும். வைஃபையும் வேண்டாம், ஃபயர்வாலோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி அடிக்க வேண்டும். அப்படியும் பேசாவிட்டால் மேனிஃபெஸ்ட் ஃபைலில் இன்டர்நெட் பெர்மிஷன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் எஸ் இல்லாத சாதாரண எச்.டி.டி.பி. முகவரியை இயல்பாகவே தடுத்துவிடும். அதே ஃபைலில் யூசஸ் கிளியர்டெக்ஸ்ட் டிராஃபிக் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். வைவாவில் ஃபோன் திரையைப் புரொஜெக்டரில் காட்ட எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவசக் கருவி போதும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இடத்தில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கிவிட்டோம். ஓடுகிறது. ஆனால் வைவாவில் கேட்டால் ஒன்றும் தெரியாது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், மதுரை

வாங்கியது சரி என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. கைடிடம் சொல்லிவிடுவதே நல்லது. புரிந்துகொள்ளும் வழி மட்டும் சொல்கிறோம். ஏ.ஐ. எழுதித் தந்த நிரலை வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

நிரலை மேலிருந்து கீழே படிக்காதீர்கள், தூக்கம்தான் வரும். லாகின் பொத்தானை அழுத்தினால் எந்தச் சார்பு ஓடுகிறதோ அதன் முதல் வரியில் எஃப் 9 தட்டுங்கள், வி.எஸ். கோடில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். எஃப் 5 தட்டி ஓட்டி, பொத்தானை அழுத்துங்கள். அந்த வரியில் வந்து நிற்கும். எஃப் 10 ஒரு வரி நகர்த்தும், எஃப் 11 உள்ளே இருக்கும் சார்புக்குள் இறங்கும். இடது பக்கம் மாறிகளின் மதிப்பு மாறுவதைப் பார்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு வரிக்கும் தமிழில் ஒரு கமென்ட் எழுதுங்கள். எழுத வராத வரியைக் குறித்து வைத்துக் கைடிடம் கேளுங்கள். பிறகு ஒரு வசதியை நீங்களே சேருங்கள், தேதிவாரித் தேடல் போல ஏதாவது ஒன்று. சேர்க்க முடியவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் புரியவில்லை.

வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஈரப்பதம் பார்த்து மோட்டார் போடும் புராஜெக்ட், ஈஎஸ்பி 32 என்ற வைஃபை உள்ள சிறு கணினி போர்டில். சென்சார் தனியாக ஓட்டினால் சரியாகக் காட்டுகிறது. வைஃபை சேர்த்ததும் உளறுகிறது. சில நேரம் நிரல் ஏறவே மாட்டேன் என்கிறது.
– பாலிடெக்னிக் மாணவர், சோழவந்தான்

சென்சார் எந்தப் பின்னில்? 4, 13, 25, 26, 27 போன்ற ஏதாவது ஒன்றாக இருக்கும். இந்தச் சிப்பில் அனலாக் படிக்க இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டாவது பகுதியை வைஃபையும் பயன்படுத்துவதால், வைஃபை ஓடும்போது அந்தப் பின்களில் அனலாக் மதிப்பை நம்ப முடியாது. 32 முதல் 39 வரையுள்ள பின்கள் முதல் பகுதியைச் சேர்ந்தவை. 34-க்கு மாற்றுங்கள், உளறல் நிற்கும். அந்தப் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால் சென்சாருக்கும் 3.3 வோல்ட்டே கொடுங்கள்.

நிரல் ஏறாததற்கு முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் போர்ட்டே தெரியாது. போர்ட் தெரிந்தும் "கனெக்டிங்" என்று புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் போர்டில் உள்ள பூட் பொத்தானை அழுத்திப் பிடித்து, எழுதத் தொடங்கியதும் விடுங்கள். வைஃபை கிடைக்காவிட்டால் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், இந்த போர்டுக்கு 5 தெரியாது. மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே ஸ்விட்ச் அடிக்கும்போதெல்லாம் போர்டு ரீஸ்டார்ட் ஆகி "பிரவுன்அவுட்" என்று காட்டினால், ரிலேக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணைத்துவிடுங்கள். நிரலை மட்டும் சோதிக்க வோக்வி என்ற இணைய சிமுலேட்டர் இருக்கிறது. கொடிக்கால் மோட்டாரின் 230 வோல்ட் பக்கத்தைக் கல்லூரி எலக்ட்ரீஷியன் வந்து இணைக்கட்டும். அதுவரை ரிலேயில் ஒரு எல்இடி மாட்டி வைத்து ஓட்டிப் பாருங்கள்.